போர்க்கப்பலை எப்படி மூழ்கடிப்பது? அறிவியல் புனைவு அனிமேஷனுக்கு ஐந்து வழிகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ ஒரு மடிக்கணினியையும் இலவச மென்பொருளையும் வைத்து அறிவியல் புனைவுக் குறும்படம் செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கதையில் ராட்சதப் போர்க்கப்பல் அழிய வேண்டும். எப்படி? ஒரே வெடிப்பில் முடித்துவிடுவதா, கவிழ்ப்பதா, நடுவில் ஒடிப்பதா, மெல்லத் தாழவிடுவதா? கப்பல் விண்வெளியில் இருந்தால் மூழ்குதல் என்ற பேச்சுக்கே இடமுண்டா?

எது பார்க்கப் பெரிதாக இருக்கும் என்று மட்டும் யோசித்தால் தவறான வழிதான் கைக்கு வரும். மூழ்குதல் ஒரு நேரக் கணக்கு. தண்ணீர் உள்ளே வர நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள்தான் கப்பலில் உள்ளவர்கள் கதவை மூடுவார்கள், தோழனை இழுத்து வருவார்கள், கட்டளைக்குக் காத்திருப்பார்கள். உங்கள் காட்சி அதற்குள்தான் இருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

அடி எங்கே விழுந்தது? நீர்மட்டத்துக்கு மேலே எத்தனை ஓட்டை விழுந்தாலும் கப்பல் எரியும், சுட முடியாமற்போகும், ஆனால் மிதக்கும். 1941 மே 27 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் மீது ஏறத்தாழ 400 குண்டுகள் பட்டதாக மதிப்பிடுகிறார்கள். மேற்பகுதி முழுவதும் சிதைந்த பிறகும் அது தண்ணீரின் மேல்தான் நின்றது. நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் டோர்பிடோக்களும் அதன் மாலுமிகளே அடியில் வைத்த வெடிகளும் சேர்ந்துதான் முடித்தன. உங்கள் எதிரியின் கதிர் ஆயுதம் மேல்தளத்தை மட்டும் உருக்கினால் கப்பல் மூழ்கக் காரணம் கிடையாது. கதிர் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும், அல்லது வெடிமருந்து அறையைத் தொட வேண்டும்.

எவ்வளவு நேரம்? இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். ஓட்டை இருக்கும் ஆழத்தை மீற்றரில் எடுத்து 19.6 ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். அதுதான் தண்ணீர் பாயும் வேகம், செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று. அதை ஓட்டையின் பரப்பாலும் பிறகு 0.6 ஆலும் பெருக்குங்கள். 5 மீற்றர் ஆழத்தில் 1 சதுர மீற்றர் ஓட்டை என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 6 தொன், நிமிடத்துக்கு 360 தொன். இன்னும் 5,000 தொன் தண்ணீரைத் தாங்கக்கூடிய கப்பல், உள்ளே தடுப்புச் சுவரே இல்லாவிட்டால், 14 நிமிடத்தில் போய்விடும்.

தடுப்புச் சுவர்தான் அந்த 14 நிமிடத்தைப் பல மணி நேரமாக்குகிறது. அது எப்படித் தோற்கும் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில், தீப்பிடித்தால், நடுச்சுவர் இருந்தும் கூரைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள இடைவெளி வழியாகத் தீ அடுத்த காம்பராவுக்குப் போகிறது. கப்பலிலும் சுவர் உடைய வேண்டியதில்லை. குழாய், கேபிள், காற்றோட்டக் குழல், மூடாமல் விட்ட கதவு ஆகியவற்றின் வழியாகத் தண்ணீர் அடுத்த அறைக்குள் நுழையும். 1944 நவம்பரில் ஜப்பானின் ஷினானோ விமானந்தாங்கி நான்கு டோர்பிடோக்களால் அடிபட்டு ஏறத்தாழ 7 மணி நேரத்துக்குப் பிறகு மூழ்கியது. அவசரமாகக் கடலுக்கு அனுப்பப்பட்ட கப்பல் அது. நீர்புகாக் கதவுகளும் அடைப்புகளும் முழுமையாகவில்லை, மாலுமிகளுக்கும் பயிற்சி போதவில்லை.

பருமன் தெரிகிறதா? அனிமேஷனில் கப்பல்கள் பொம்மையாவது இங்கேதான். தண்ணீர் விழும் வேகம் கப்பலின் அளவைக் கண்ணுக்குச் சொல்லிவிடும். 60 மீற்றர் உயரம் எழும் நீர்த்தூண் மேலே போக 3.5 செக்கன், கீழே வர 3.5 செக்கன், மொத்தம் 7 செக்கன். செக்கனுக்கு 24 ஃப்ரேம் என்றால் 168 ஃப்ரேம். அதே தூணை ஒன்றரைச் செக்கனில் முடித்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது மூன்று மீற்றர்கூட இல்லாத நீர்த்தெறிப்பு. கப்பல் குளியல் தொட்டிக்கு வந்துவிடும்.

கடல் தூரம் என்று கவலைப்பட வேண்டாம். ஹட்டன்–நுவரெலியா வீதியில் தலவாக்கலைப் பக்கம் டெவோன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர். தடையே இல்லாமல் விழும் பொருள் அந்த உயரத்தை 4.4 செக்கனில் கடக்கும். காற்றுத் தடையால் தண்ணீருக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். கைப்பேசியில் படம்பிடித்து, உச்சியில் பிரியும் ஒரு நீர்க்கொத்தைக் கீழ்வரை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பின்தொடருங்கள். முதலில் கொத்தாக இறங்கி, நடுவில் முனை கூர்ந்து, கீழே புகையாகக் கலைவதை வரைந்து பழகினால் நீர்த்தூண் இறங்கும் பாதி கைவந்துவிடும். நீளத்துக்கும் ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் யமாத்தோ போர்க்கப்பலின் நீளம் 263 மீற்றர், பம்பரகந்தை நீர்வீழ்ச்சியின் உயரமும் 263 மீற்றர். ஹல்துமுல்லைப் பக்கம் போய் அதன் அடியில் நின்று மேலே பார்த்தவருக்குத் தன் கப்பலின் அருகே ஒரு மனிதனை எவ்வளவு சிறிதாக வரைய வேண்டும் என்று தெரியும்.

வேலை எவ்வளவு? கையால் வரைபவர்கள் மூன்று ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் மேலே சொன்ன ஒற்றை நீர்த்தூணுக்கு 56 படங்கள் வேண்டும். கணினியில் நீரை உருவகப்படுத்துபவர்கள் 400 × 150 × 100 மீற்றர் பெட்டியை 1 மீற்றர் கட்டங்களாகப் பிரித்தால் 60 இலட்சம் கட்டங்கள் வரும். அரை மீற்றருக்கு இறங்கினால் 4 கோடியே 80 இலட்சம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினிக்கு முதலாவதே பாரம். அரை மீற்றர் கட்டத்திலும் நீர்த்துளி பாறைபோலத்தான் தெரியும். நுரையையும் சாரலையும் தனித் துகள்களாகச் சேர்த்தே தீர வேண்டும்.

இனி வழிகள் ஒவ்வொன்றாக.

## வழி 1: ஒரே வெடிப்பு

எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். உண்மையில் நடந்திருக்கிறது: 1941 மே 24 அன்று பிரித்தானியாவின் ஹூட் வெடிமருந்து அறை வெடித்து மூன்று நிமிட அளவில் மறைந்தது. கப்பலில் இருந்த 1,418 பேரில் தப்பியவர்கள் மூன்று பேர்.

ஆனால் வெடிப்பு பல தடவை கதையின் தொடக்கம் அல்ல, கடைசி வரி. 1941 நவம்பர் 25 அன்று மத்தியதரைக் கடலில் பிரித்தானியப் போர்க்கப்பல் பார்ஹம் மூன்று டோர்பிடோக்கள் பட்டதும் முதலில் இடப்பக்கம் சரிந்தது, பக்கவாட்டில் படுத்தது, அதன் பிறகே வெடித்தது. எல்லாமே நான்கைந்து நிமிடத்துக்குள். அருகிலிருந்த கப்பலிலிருந்து அது படம்பிடிக்கப்பட்டது. அந்தப் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்க்காமல் யாரும் கப்பல் வெடிப்பை வரைய உட்காரக் கூடாது. சரிந்த உடல்மீது மனிதர்கள் நடந்து இறங்குவது அதில் தெரியும். அவர்களைப் பார்த்த பிறகு வெடிப்பை வேடிக்கையாக வரைய மனம் வராது.

மறைந்திருக்கும் செலவு புகையில் இருக்கிறது. நெருப்பு இரண்டு செக்கன், புகை பல நிமிடம். யமாத்தோ 1945 ஏப்ரல் 7 அன்று கவிழ்ந்து வெடித்தபோது எழுந்த மேகம் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் உயரம் போனது. பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவு பெரிய மேகம் கண்ணுக்கு நகராததுபோலவே நகர வேண்டும். அதை வேகமாகச் சுருட்டிவிட்டால் அடுப்புப் புகையாகிவிடும். ஒலியும் அப்படியே: 5 கிலோமீற்றர் தூரத்தில் நிற்கும் பாத்திரத்துக்குச் சத்தம் 15 செக்கன் கழித்துத்தான் வரும். அந்த 15 செக்கன் மௌனம் இலவசமாகக் கிடைக்கும் நாடகம். அதை எடுக்காமல் ஒளியோடு ஒலியைச் சேர்த்துவிடுவது பெரும் இழப்பு.

இது பொருந்தும் இடம்: பார்வை தூரத்தில் இருக்கும்போது, கப்பலுக்குள் நமக்குத் தெரிந்த முகம் எதுவும் இல்லாதபோது. நாயகி உள்ளே இருந்தால் இந்த வழி அவளிடமிருந்து கடைசி ஐந்து நிமிடத்தைப் பறித்துவிடும்.

வெடிப்புக்குக் காலதாமதமும் தரலாம். 1944 ஜூன் 19 அன்று ஜப்பானின் தைஹோ விமானந்தாங்கி ஒரே ஒரு டோர்பிடோவை வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஓடியது. கசிந்த விமான எரிபொருளின் ஆவியை வெளியேற்ற எண்ணிக் காற்றோட்டத்தைத் திறந்துவிட, ஆவி கப்பல் முழுவதும் பரவியது. ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வெடித்தது. எதிர்காலக் கப்பலின் எரிபொருள் எதுவானாலும் இந்தக் காரணகாரியம் அப்படியே பொருந்தும்: அடி சிறிது, முடிவு தவறு, அழிவு தாமதம்.

## வழி 2: சரிந்து கவிழ்தல்

மூன்று முதல் ஐந்து நிமிடப் படம் செய்யும் சிறு குழுவுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். காரணம் எளிது. கப்பல் உடல் உடையாமல் ஒரே துண்டாக இருக்கும். ஒரு மாதிரியைச் சுழற்றினால் போதும். நேரம் கிடைக்கிறது. பார்ப்பவருக்கு விளக்கமே தேவையில்லை, தரை சாய்வதை எவரும் உணர்வர்.

தண்ணீர் ஒரே பக்கம் சேர்ந்தால் கப்பல் சரியும். சரிந்தபின் அதை விரைவுபடுத்துவது உள்ளே தளும்பும் நீர். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்து நடந்தால் சற்றுச் சாய்ந்ததும் எல்லாம் ஒரு பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். அதே தண்ணீரைக் குடத்தில் எடுத்தால் அப்படி ஆகாது. கப்பலின் அகன்ற வாகனத் தளத்திலோ விமானக் கூடத்திலோ முழங்கால் அளவு நீர் நின்றாலே ஆபத்து என்பது இதனால்தான். விண்கலங்களை ஏற்றும் அகன்ற கூடம் உங்கள் கப்பலில் இருந்தால், அதில் அரை மீற்றர் நீரைக் காட்டும் ஒரு ஷொட் அடுத்து வரும் கவிழ்ப்பை நியாயப்படுத்திவிடும்.

கோணங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10–15 பாகையில் ஈரத் தளத்தில் கட்டாத பொருட்கள் வழுக்கத் தொடங்கும். இன்றைய சர்வதேசக் கப்பற் பாதுகாப்பு விதிகள் உயிர்காப்புப் படகை 20 பாகை சாய்வு வரை இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கின்றன. அதைத் தாண்டினால் உயர்ந்த பக்கப் படகுகள் கப்பல் உடம்பிலேயே உரசி நிற்கும், தாழ்ந்த பக்கப் படகுகள் எட்டாத தூரத்துக்கு ஊசலாடும். 30 பாகைக்கு மேல் மனிதர் நடப்பதில்லை, பிடித்து ஏறுகிறார்கள். 45 பாகையில் சுவரும் தரையும் ஒரே சரிவு. உட்காட்சியில் கமராவைக் கப்பலோடு சாய்த்துவிட்டு, தொங்கும் விளக்கையும் குவளைத் தண்ணீரையும் மட்டும் உண்மையான கிடைக்கோட்டில் வைத்தால் குறைந்த செலவில் பயம் வரும்.

வேகம் சீராக இருக்கக் கூடாது. முதல் 15 பாகை மிக மெல்ல வரும், இடையில் வெட்டிப் போகலாம். 15 முதல் 30 வரை ஒரு நிமிட அளவு. அங்கிருந்து 90 வரை அரை நிமிடத்துக்குள். பக்கவாட்டில் படுத்ததும் சற்றுத் தயங்கி, பிறகு அடிவயிறு மேலே வரும். அதற்கு முந்தைய இடவல ஆட்டமும் கவனிக்க வேண்டியது: பெரிய போர்க்கப்பல் ஒரு முறை ஆடித் திரும்ப 15 செக்கன் அளவு ஆகும். மூன்று செக்கனில் ஆடினால் அது மீன்பிடிப் படகு.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, கப்பலின் அடிப்பக்கத்தையும் செய்ய வேண்டும்: சுழலிகள், சுக்கான், நீர்மட்டத்துக்குக் கீழே பூசும் சிவப்பு. இரண்டாவது எண்ணெய். உலை எண்ணெய் நீர்மேல் பரவி அலையை அமுக்கும். அந்தப் பரப்பு மட்டும் வழவழப்பாக, கறுப்பாக இருக்கும், அதிலிருந்து வரும் முகங்களும் கறுப்பாக இருக்கும். மூன்றாவது, எல்லோரும் தவறுவது: பழைய போர்க்கப்பலின் பீரங்கி மேடைகள் அவற்றின் எடையால்தான் அமர்ந்திருக்கின்றன. கப்பல் தலைகீழானதும் கழன்று விழும். பிஸ்மார்க்கிலும் யமாத்தோவிலும் அதுதான் நடந்தது.

1974 ஒக்டோபரில் ஜப்பானில் தொடங்கிய விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ தொலைக்காட்சித் தொடர், வற்றிப்போன கடலடியில் அந்தக் கப்பல் துருவேறி, பீரங்கிகளோடு நிமிர்ந்து கிடப்பதாகக் காட்டியது. சிதைவு அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. 1982இல் அந்த இடம் கண்டறியப்பட்டு 1985இல் உறுதியானபோது கப்பல் இரண்டு பெரும் துண்டுகளாக, பின்பகுதி தலைகீழாக, மேடைகள் கழன்று தனியே கிடந்தன. தொடர் செய்தவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இன்று வரைபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கவிழ்ப்பைத் தாமதப்படுத்தும் முயற்சி கதைக்குள் மிக வலிய கண்ணியைத் தரும். சரிவை நேராக்க எதிர்ப்பக்க அறைகளுக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விடுவார்கள். யமாத்தோவில் வலப்பக்க இயந்திர, கொதிகலன் அறைகளுக்கும் நீர் விடப்பட்டது, அங்கே பணியில் இருந்தவர்களோடு சேர்த்து. நெம்புகோலைத் தள்ளும் கையை நீங்கள் வரையப்போகிறீர்கள் என்றால், கீழே யார் இருக்கிறார்கள் என்று அந்தக் கைக்குத் தெரியுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

## வழி 3: நடுவில் ஒடிதல்

டோர்பிடோ கப்பலைத் தொடாமல் அடியில் வெடித்தால் உண்டாகும் வாயுக்குமிழி, கப்பலின் நடுப்பகுதியை முதலில் தூக்கும். பிறகு குமிழி சுருங்க, நடுவில் தாங்கல் இல்லாமல் முதுகெலும்பான ஏரா தொய்ந்து முறியும். தூக்கல், தொய்வு, முறிவு எல்லாம் சில செக்கன்களில். 2010 மார்ச் 26 அன்று தென்கொரியாவின் சியோனன் இப்படித்தான் இரண்டானது என்று அதை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு முடிவுசெய்தது. 46 மாலுமிகள் இறந்தனர்.

அது 1,200 தொன் அளவுக் கப்பல் என்பதை மறக்க வேண்டாம். 70,000 தொன் அரக்கனை ஒரே டோர்பிடோவால் ஒடிப்பது நம்பும்படி இருக்காது. உங்கள் கற்பனை ஆயுதம் அதற்கேற்ற குமிழியை உண்டாக்க வேண்டும், அந்தத் தூக்கல் திரையில் தெரியவும் வேண்டும். தூக்கல் இல்லாமல் நேரே ஒடிந்தால் பிஸ்கட் உடைந்ததுபோல் இருக்கும்.

செலவில் ஐந்து வழிகளிலும் இதுவே மோசம். ஒடிந்த முகத்தில் கப்பலின் வயிறு தெரியும்: ஆறு எட்டுத் தளங்கள், குழாய்கள், தொங்கும் கேபிள்கள், ஒரு பாதி படுக்கையறை. தகடு கண்ணாடிபோல் நேராக வெட்டுப்படாது. மடிந்து, கிழிந்து, ஓரம் சுருளும். அதை வடிவமைக்க ஒருவருக்குப் பல வாரம் போகும், திரையில் நிற்பதோ நான்கு செக்கன். ஒடிந்த இரு பாதிகளும் உடனே மறைவதில்லை என்பதுதான் கைக்கு வரும் இலாபம். ஒரு பாதி போய், மறுபாதி மிதந்து நிற்கும் அந்த இடைவெளியில் கதை இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

## வழி 4: மெல்லத் தாழ்தல்

இருபக்கமும் ஒப்ப அடி விழுந்தால் கப்பல் கவிழாமல் நேராகத் தாழும். யமாத்தோவின் இணைக்கப்பல் முசாஷி, 1944 ஒக்டோபர் 24 அன்று இரு பக்கமும் அடிவாங்கி, காலையில் தொடங்கிய தாக்குதலுக்குப் பின் முன்பக்கம் தாழ்ந்தபடி மாலைவரை மிதந்தது, கடைசியில்தான் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு யமாத்தோவைத் தாக்கியவர்கள் இடப்பக்கத்திலேயே டோர்பிடோக்களைக் குவித்தார்கள், இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஒரே வகைக் கப்பல், அடிவிழுந்த பக்கம் வேறு, ஆயுள் வேறு.

கதை பேச்சால் நகர்கிறது என்றால், கையில் இருப்பது இரண்டு பேர் உழைப்பு என்றால், இதுவே சிறந்தது. பெரும்பகுதி உட்காட்சி. நீர்மட்டம் என்பது மேலே நகரும் ஒரு தளம், அவ்வளவுதான். பெரிய கடல் தேவையில்லை. கணக்கு ஒன்று: 4 × 5 × 2.5 மீற்றர் அறை, கொள்ளளவு 50 கன மீற்றர். 4 மீற்றர் ஆழத்தில் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓட்டை. நிரம்ப ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலாகும். உங்கள் வசனத்தின் நீளம் அதற்குள் அடங்குகிறதா என்று கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். நீர்த்தாரை செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் எதிர்ச்சுவரில் அறையும், அதன் குறுக்கே யாரும் நிதானமாக நடக்க முடியாது.

அறையில் காற்று வெளியேற வழியே இல்லாவிட்டால் அது நிரம்பாது. 4 மீற்றர் ஆழத்தில் காற்று பத்தில் ஏழு பங்குக்குச் சுருங்கி நின்றுவிடும். தண்ணீர் மூன்று பங்கோடு நிற்கும். காது அடைக்கும், ஆட்கள் உயிரோடு இருப்பார்கள். கப்பல் மேலும் இறங்க, அந்தக் காற்றும் மேலும் சுருங்கும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு முழுக் குறும்படம் செய்யலாம்.

வெளிக்காட்சிக்கு ஒப்பிட, 2006 மே 17 அன்று செயற்கைப் பவளப்பாறையாக்க வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட ஒரிஸ்கனி விமானந்தாங்கி இருக்கிறது. பின்பக்கம் முதலில் இறங்கி 37 நிமிடத்தில் மறைந்தது. காற்று வெளியேறும் துளைகளில் சாரல் பீறிடுவதைக் கவனியுங்கள். அந்தச் சாரல் இல்லாத மூழ்கல் உயிரற்றுப்போகும். மறைந்திருக்கும் செலவு ஒலி. நெளியும் இரும்பு, பாயும் காற்று, தூரக் கதவு. படத்துக்கு மிச்சம்பிடித்த நாட்களை ஒலிக்குக் கொடுக்க வேண்டி வரும்.

## வழி 5: விண்வெளி

விண்வெளியில் கீழ் என்று ஒரு திசை இல்லை. அடிபட்ட கலம் மூக்கைத் தாழ்த்தி மெல்ல இறங்கும் காட்சி, கடலில் பழகிய கண்ணின் பழக்கம் மட்டுமே. இயந்திரம் நின்ற கலம் தன் பாதையில் தொடர்ந்து போகும்.

1 சதுர மீற்றர் ஓட்டை வழியே, சாதாரணக் காற்றழுத்தத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 200 கன மீற்றர் காற்று வெளியேறும். 10,000 கன மீற்றர் பகுதி ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்கு உதவாத நிலைக்கு வரும். கடலில் மணிக்கணக்கு, இங்கே செக்கன் கணக்கு. ஆனால் அந்தக் காற்றுத் தாரையின் உந்துதல் 13 தொன் எடை அளவுதான். 60,000 தொன் கலத்தை அது தூக்கி எறியாது. நிமிட நேரத்தில் மெல்லத் திருப்பத் தொடங்கும், அவ்வளவே. வெடிப்பு உருண்டையாக விரியும், புகை சுருளாது, சிதறல்கள் வேகம் குறையாமல் நேர்கோட்டில் போகும். வரைவதற்கு இதுவே மலிவு: தண்ணீர் இல்லை, புகை இல்லை. இலாபத்தை விட்டுவிட்டுக் கடல் அசைவைக் கடன் வாங்குபவர்கள்தான் அதிகம்.

கோளில் விழ வேண்டுமென்றால் காரணம் கொடுங்கள். சுற்றுப்பாதையில் இருப்பது சும்மா விழாது. ஈர்ப்பெதிர் இயந்திரத்தால் 400 கிலோமீற்றர் உயரத்தில் அசையாமல் நின்ற கலம் அந்த இயந்திரம் அணைந்தால் விழும், தரைக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம். கடைசி 100 கிலோமீற்றர்வரை காற்றே உரசாது. ஒரு கிலோமீற்றர் உயரத்தில் பறந்த கப்பல் கடலில் விழுந்தால் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர். அப்போது தண்ணீர் தண்ணீராக இருக்காது, பாறையாக இருக்கும். தெறித்து அமிழ்ந்து மிதந்து எழுவதற்குக் கப்பல் முழுசாக மிஞ்சாது.

## ஒரே பார்வையில்

| வழி | கதைக்குக் கிடைக்கும் நேரம் | உழைப்பு | பெரும்பாலும் தவறுவது | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| ஒரே வெடிப்பு | செக்கன்கள் முதல் சில நிமிடம் | நடுத்தரம், புகைக்கு அதிகம் | புகை வேகம், ஒலித் தாமதம் | தூரப் பார்வை |
| கவிழ்தல் | நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரம் | நடுத்தரம் | சீரான வேகம், கழலாத பீரங்கி | சிறு குழு, நாடகம் |
| ஒடிதல் | முறிவு சில செக்கன், பின் நிமிடங்கள் | மிக அதிகம் | தூக்கல் இல்லாமை, வெறுமையான உட்புறம் | சிறு கப்பல், நீரடி ஆயுதம் |
| மெல்லத் தாழ்தல் | அரை மணி முதல் பல மணி | குறைவு, ஒலிக்கு அதிகம் | காற்று வெளியேறாமை | வசனம், உட்காட்சி |
| விண்வெளி | செக்கன்கள், அல்லது முடிவில்லாமல் | குறைவு | கடல் அசைவு | தனிமை, மௌனம் |

## கணினியில் வைக்கும்போது

பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் 263 மீற்றர் கப்பலை வசதிக்காக 2.63 அலகாகச் செய்துவிட்டு ஈர்ப்பை அப்படியே விட்டால் நீர் பத்து மடங்கு வேகமாக ஆடும். அளவு நூறில் ஒன்றானால் நேரம் அதன் வர்க்கமூலமான பத்தில் ஒன்றாகும். உண்மை அளவில் செய்யுங்கள், முடியாவிட்டால் நேர அளவை 0.1 ஆக்குங்கள். தண்ணீர்த் தொட்டியில் சிறு மாதிரியைப் படம்பிடிப்பவர்களுக்கும் இதே விதி: ஐம்பதில் ஒரு பங்கு மாதிரிக்குச் செக்கனுக்கு 170 ஃப்ரேம் வேகத்தில் எடுத்து 24இல் ஓட்ட வேண்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேர இடிமழையோடு கரண்ட் போகும். நீர் உருவகத்தைத் தொடங்குமுன் இடையில் விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவைக் குறியிட்டு வையுங்கள். வெளியீட்டை வீடியோவாக அல்லாமல் தனித்தனிப் படங்களாக எடுங்கள். வீடியோக் கோப்பு நடுவில் நின்றால் முழு இரவும் வீண்.

## கப்பல் நம் நீர்த்தேக்கத்தில் விழுந்தால்

பறக்கும் போர்க்கப்பலை மலையகத்து நீர்த்தேக்கத்தில் இறக்குவது நல்ல யோசனை; நிலமும் ஒளியும் வரைபவருக்குத் தெரிந்தவை. ஆனால் ஆழத்தைப் பாருங்கள். கொத்மலை அணை 87 மீற்றர், விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். நீர் 100 மீற்றர் ஆழம் என்று வைத்தாலும் 263 மீற்றர் கப்பலின் மூக்கு, பின்முனை நீர்மட்டத்தில் இருக்கும்போதே, 22 பாகைச் சாய்வில் அடியைத் தொட்டுவிடும். செங்குத்தாக நின்று மறையும் காட்சி அங்கே நடக்காது. கப்பல் அடியில் ஊன்றி, சாய்ந்து, பாதி வெளியே நிற்கும். கடலிலும் இப்படி உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மிஸ் 180 மீற்றருக்கு மேல் நீளம், அது கிடக்கும் ஆழம் ஐம்பது மீற்றரைச் சற்றுத் தாண்டும். 307 பேரின் கல்லறை அது.

நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. கடலில் 10 மீற்றர் அமிழ்ந்து மிதக்கும் கப்பல் இங்கே கால் மீற்றர் அளவு கூடுதலாக அமிழும். 70,000 தொன் கப்பல் ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பில் இறங்கினால் நீர்மட்டம் உயர்வது 7 சென்ரிமீற்றர்தான். அணை வழிந்தோடுவது அதனால் அல்ல, விழுந்த வேகத்தில் எழும் அலையால். அந்த அலை ஒடுங்கிய ஓடை வாய்களில் உயர்ந்து, தேயிலைச் சரிவின் கீழ் வரிசைகளைக் கழுவிக்கொண்டு போகும்.

பிறகு வரட்சி வரும். மவுஸாகலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஷொட் தானாக வரும். சேறு படிவது கிடைப்பரப்புகளில், சுவர்களில் அல்ல. கப்பல் படுத்துக் கிடந்தால் முன்பு சுவராக இருந்தவைமேல்தான் சேறு நிற்கும், பழைய தளங்கள் ஒப்பீட்டளவில் சுத்தமாக இருக்கும். நீர் இறங்கி நின்ற ஒவ்வொரு மட்டமும் உடலின் குறுக்கே ஒரு கோடு விடும். அந்தக் கோடுகளைக் கப்பலின் தளத்துக்கு இணையாக வரையாதீர்கள். எதிர்க்கரைக்கு இணையாக வரையுங்கள்.